முதல் படத்தில் மட்டும் மாறிய எழுத்து

கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலம் ஏப்ரலில் சூடுபிடித்தால் ஜூலை வரை ஓயாது. அந்த மாதங்களில் மண்டிக்காரர்கள் விடியும் முன்பே அன்றைய விலையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். வெறும் எழுத்தாக அனுப்பினால் இடையில் யாராவது எண்ணைத் திருத்தி அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்பதால், கடையின் பெயரும் தேதியும் பொறித்த படமாக அனுப்புவதையே எல்லோரும் விரும்புகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்டி உரிமையாளருக்காக இப்படிப்பட்ட பக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். ரகத்தின் பெயரையும் விலையையும் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினால், உலாவியே கேன்வாஸ் என்னும் வரைபரப்பில் ஒரு விலைப் பலகையை வரைந்து படமாகத் தந்துவிடும். சர்வரில் எந்த வேலையும் இல்லை. எல்லாம் அவருடைய கைபேசிக்குள்ளேயே நடந்து முடியும்.

பக்கம் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் அவர் அழைத்தார். "தம்பி, காலையில எடுக்கிற முதல் படம் மட்டும் எழுத்து வேற மாதிரி வருது. ரெண்டாவது எடுத்தா சரியா இருக்கு. நான் இப்போ தினமும் ரெண்டு தடவை எடுத்து முதல் படத்தை அழிச்சிடுறேன்" என்றார். அவர் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. பழைய வண்டியை இரண்டு உதை உதைத்துக் கிளப்புவதைப் போல ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டிருந்தார். "சரிங்கண்ணே, பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டேன். பார்க்கத் தொடங்கியபோது, உலாவியிடம் எழுத்துருவைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதே எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பது புரிந்தது. இந்தப் பதிவு அதைப் பற்றியதுதான். நிரலில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். தொழிலில் இருப்பவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

சாதாரண வலைப்பக்கத்தில் இந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது, அதற்கு இன்ன எழுத்துரு என்று, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் சொல்கிறது, கோப்பு இன்னும் வரவில்லை என்றால் உலாவி கொஞ்ச நேரம் அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைக்கிறது அல்லது கைபேசியில் உள்ள எழுத்துருவில் காட்டுகிறது; கோப்பு வந்ததும் அதே சொல்லைப் புதிய எழுத்துருவில் மறுபடி வரைந்துவிடுகிறது. கேன்வாஸில் அந்த 'மறுபடி' கிடையாது. வரை என்று சொன்ன நொடியில் கையில் எது இருக்கிறதோ அதை வைத்து வரைந்து முடித்துவிடும். எழுத்துருக் கோப்பு தேவை என்பதை அப்போதுதான் உணர்ந்து தரவிறக்கத்தையும் தொடங்கி வைக்கும். ஆனால் அதற்குள் படம் முடிந்திருக்கும். சுண்ணாம்பு காய்ந்த சுவர் போல, அதன்மேல் மீண்டும் நாம்தான் பூச வேண்டும். இரண்டாவது படம் சரியாக வந்ததற்குக் காரணம், முதல் படமே கோப்பை வரவழைத்து வைத்திருந்தது என்பதுதான்.

என் மடிக்கணினியில் இந்தக் குறை ஒருமுறைகூடத் தெரியாமல் போனதற்கு நானே காரணம். எழுத்துருவை அறிவிக்கும் இடத்தில், முதலில் 'லோக்கல்' என்று கணினியில் தேடச் சொல்லி, அது இல்லாவிட்டால் மட்டும் இணைய முகவரிக்குப் போகும்படி எழுதியிருந்தேன். அந்த எழுத்துரு என் கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்ததால், சோதித்த ஒவ்வொரு முறையும் பக்கம் இணையத்தைத் தொடவே இல்லை. மண்டிக்காரரின் கைபேசியில் அது இல்லை. 'என் கணினியில் நன்றாகத்தான் வருகிறது' என்று நம்மவர்கள் சொல்லும் வாக்கியத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இந்த இடத்தில்தான் 'சிஎஸ்எஸ் ஃபான்ட் லோடிங்' என்னும் ஏபிஐ, அதாவது நிரலிலிருந்து உலாவியிடம் வேலை வாங்கும் கட்டளைத் தொகுப்பு, உதவிக்கு வருகிறது. குரோமில் 2014-லும், ஃபயர்ஃபாக்ஸில் 2015-லும், சஃபாரியில் 2016-லும் வந்துவிட்ட பழைய வசதி இது. ஆனால் தமிழில் வலைப்பக்கம் செய்பவர்களில் இதைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் சாதாரணப் பக்கத்துக்கு இது தேவைப்படுவதே இல்லை. இதில் முக்கியமானவை இரண்டு. 'ஃபான்ட்ஃபேஸ்' என்பது ஒரு கோப்பைக் குறிக்கும் பொருள். அது இன்னும் ஏற்றப்படவில்லையா, ஏறிக்கொண்டிருக்கிறதா, ஏறிவிட்டதா, பிழையா என்னும் நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். 'டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்' என்பது அப்படிப்பட்ட பொருள்களை எல்லாம் வைத்திருக்கும் கூடை. அந்தக் கூடையிடம் 'ரெடி', 'லோட்', 'செக்' என்று மூன்று விதமாகப் பேசலாம். மூன்றிலும் நான் தடுக்கி விழுந்தேன்.

முதலில் பிடித்தது 'ரெடி'. பெயரைப் பார்த்தால் எழுத்துருக்கள் எல்லாம் தயாரானதும் சொல்லும் என்றுதானே தோன்றும்? அது சொல்வது வேறு: இப்போதைக்கு ஏற்ற வேண்டியது எதுவும் நிலுவையில் இல்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. என் பக்கத்தின் பொத்தான்களும் கட்டங்களும் கைபேசியின் சொந்த எழுத்துருவிலேயே இருந்தன. பலகைக்கான எழுத்துருவைப் பக்கத்தில் எந்தச் சொல்லும் கேட்டிருக்கவில்லை. யாரும் கேட்காத கோப்பை உலாவி வரவழைப்பதில்லை. ஆகவே நிலுவை எதுவுமில்லை, 'ரெடி' உடனே பதில் சொல்லிவிட்டது. படம் முன்புபோலவே தவறாக வந்தது.

அடுத்து 'லோட்'. இதற்கு எழுத்துருவின் அளவையும் பெயரையும் சிஎஸ்எஸ்ஸில் எழுதுவதுபோல ஒரு சரமாகக் கொடுத்தால், அது தேவையான கோப்புகளை வரவழைத்துவிட்டு, வந்தவற்றின் பட்டியலை, வேலை முடிந்ததும் பதில் சொல்லும் ஒரு ப்ராமிஸ் வழியாகத் திருப்பித் தரும். கொடுத்தேன். காத்திருந்தேன். ப்ராமிஸ் வெற்றியுடன் முடிந்தது. அதன் பிறகுதான் வரைந்தேன். அப்படியும் படத்தில் எண்கள் மட்டும் நான் கேட்ட எழுத்துருவிலும், 'மல்கோவா', 'செந்தூரா' எல்லாம் கைபேசியின் எழுத்துருவிலும் வந்தன. பாதி சரி, பாதி தவறு என்ற இந்த நிலைதான் என்னை ஒரு மாலை முழுதும் உட்கார வைத்தது.

திரும்பி வந்த பட்டியலில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்று கடைசியில் எண்ணிப் பார்த்தபோதுதான் வெளிச்சம் வந்தது. இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது. நான் எழுத்துருவை இரண்டு கோப்புகளாகப் பிரித்து வைத்திருந்தேன். ஆங்கில எழுத்துகளும் எண்களும் ஒரு கோப்பு. தமிழ் எழுத்துகளும் ரூபாய்க் குறியும் இன்னொன்று. எந்தக் கோப்பில் எந்த எழுத்துகள் இருக்கின்றன என்பதை 'யூனிகோட்-ரேஞ்ச்' என்னும் வரியால் உலாவிக்குச் சொல்லிவிட்டால், பக்கத்தில் தமிழ் இருந்தால் மட்டும் தமிழ்க் கோப்பை அது எடுத்துக்கொள்ளும். கூகுள் ஃபான்ட்ஸ் தளமும் இப்படித்தான் பிரித்து வழங்குகிறது. சிக்னல் மெலிந்த இடங்களில் இதனால் மிச்சமாகும் நேரம் சிறிதல்ல. ஆனால் 'லோட்' என்னும் கட்டளைக்கு இரண்டாவதாக ஒரு மதிப்பும் உண்டு: எந்த எழுத்துகளை வரையப் போகிறாய் என்பது. அதை நாம் கொடுக்காவிட்டால், இந்த ஏபிஐயின் விதி நமக்காக ஒன்றை நிரப்பிக்கொள்கிறது. அது என்ன தெரியுமா? ஒரே ஓர் இடைவெளி. சொற்களுக்கு நடுவே விடுகிறோமே, அந்த வெற்றிடம். வெற்றிடம் ஆங்கிலக் கோப்பின் எல்லைக்குள் இருக்கிறது. எனவே உலாவி ஆங்கிலக் கோப்பை மட்டும் வரவழைத்து, கேட்ட வேலையை முடித்துவிட்டதாக நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறது. அதன் கணக்கில் தவறே இல்லை. நான்தான் தமிழ் வேண்டும் என்று சொல்லவே இல்லை.

இந்த ஏபிஐ பரவலாவதற்கு முன் பலரும் பயன்படுத்திய ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களிலும், அதாவது உலாவியில் ஓடும் அந்த நிரல்மொழியில் எழுதிய ஆயத்த நிரல்களிலும், இதே குணம் இருந்தது. எழுத்துரு வந்துவிட்டதா என்று சோதிக்க அவை பக்கத்தின் ஓரத்தில் மறைவாக ஏழு ஆங்கில எழுத்துகளை எழுதி, அவற்றின் அகலம் மாறுகிறதா என்று அளந்துகொண்டிருக்கும். அந்த ஏழு எழுத்துகளும் தமிழ்க் கோப்பில் இருக்கப்போவதில்லை. தமிழுக்கு எனத் தனியாகச் சோதனை எழுத்தைக் கொடுக்கும் வழி அவற்றிலும் உண்டு. ஆனால் தேடிப் படித்தவர்களுக்கே அது தெரியும். இவற்றை எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. எழுத்துரு என்பது ஒரே கோப்பு, அதில் ஓர் எழுத்து வந்தால் எல்லாமே வந்த மாதிரி என்று நினைத்துப் பழகிய கையிலிருந்து இயல்பாக வரும் முடிவு அது. நம் எழுத்து அந்தப் பழக்கத்துக்கு வெளியே நிற்கிறது, அவ்வளவுதான்.

தீர்வு ஒரே வரி. பலகையில் வரையப் போகும் முழு உரையையும் ஒன்றாகச் சேர்த்து, அதையே இரண்டாவது மதிப்பாகக் கொடுத்துவிட்டேன். 'அ' என்று ஓர் எழுத்தைக் கொடுத்தாலே தமிழ்க் கோப்பு வந்துவிடும் என்றாலும், அப்போது எண்களுக்கான கோப்பு வராமல் போகலாம். உண்மையான உரையையே கொடுத்தால் எந்தக் கோப்புகள் தேவையோ அவை மட்டும் வரும். நாளைக்குக் கோப்புகளை மூன்றாகப் பிரித்தாலும் இந்த வரியைத் தொட வேண்டியதில்லை. கூடவே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தடித்த எழுத்தில் வரையப் போகிறோம் என்றால் கேட்கும்போதும் 'போல்ட்' என்று சேர்த்தே கேட்க வேண்டும். இல்லையென்றால் மெல்லிய கோப்பு வந்து சேரும், தடித்தது வராது. தடித்த கோப்பே கிடையாது என்றால் உலாவி மெல்லியதைத் தானே பருக்க வைத்துக் காட்டும்; அப்படிப் பருக்க வைத்தால் 'ணை', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு, மழையில் நனைந்த சுவரொட்டி போல ஆகிவிடுகின்றன.

'செக்' பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். இந்த எழுத்துரு இருக்கிறதா என்று கேட்பதற்கான கட்டளை இது என்று பெயரைப் பார்த்தால் தோன்றும். உண்மையில் அது விடை சொல்லும் கேள்வி வேறு: எந்தக் கோப்புக்கும் காத்திருக்காமல் இப்போதே வரையலாமா? கூடையிலும் கணினியிலும் இல்லாத ஒரு பெயரைக் கொடுத்தால், காத்திருக்க எதுவும் இல்லை என்பதால், விதிப்படி 'ஆம்' என்றே பதில் வர வேண்டும். எல்லா உலாவிகளும் இதில் ஒன்றுபோல நடந்துகொள்வதுமில்லை. பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டிவிட்டு, 'ஆம்' என்ற பதிலை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எளிது. இதற்கும் இரண்டாவது மதிப்பு உண்டு, இதிலும் அது கொடுக்கப்படாவிட்டால் அதே வெற்றிடம்தான். ஆங்கிலக் கோப்பு மட்டும் ஏறியிருக்கும் நேரத்தில் வெறுமனே கேட்டால் 'ஆம்' வரும். 'அ'வைக் கொடுத்துக் கேட்டால் 'இல்லை' வரும். இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் ஓடவிட்டுப் பார்த்தால் போதும், சங்கதி விளங்கிவிடும்.

எழுத்துரு ஒழுங்காக வந்து சேர்ந்த பிறகு இன்னொரு தொலைபேசி வந்தது. "இமாம் பசந்த இல்ல தம்பி, பசந்த்." பலகையைப் பார்த்தேன். கடைசிப் புள்ளியைக் காணவில்லை. நீளமான பெயர்கள் கட்டத்துக்குள் அடங்காதபோது, 'மெஷர்டெக்ஸ்ட்' என்னும் கட்டளையால் அகலத்தை அளந்து, அடங்கும்வரை கடைசி எழுத்தை ஒவ்வொன்றாக வெட்டும் ஒரு சிறு சுழற்சியை எழுதியிருந்தேன். வெட்டியது எழுத்தை அல்ல, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையின் குறியை. யூனிகோடில் 'த்' என்பது 'த'வும் அதன்பின் ஒரு புள்ளியும். கடைசிக் குறியை எடுத்தால் புள்ளி போய் 'த' நிற்கும். 'தோத்தாபுரி' நம் கணக்கில் ஐந்து எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டின் கணக்கில் பத்து. 'கிருஷ்ணகிரி' நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டது கண்ணுக்குத் தெரியும். தமிழில் வெட்டுப்பட்ட பிறகும் ஒரு முழுச் சொல்போலவே நிற்கும் என்பதுதான் ஆபத்து.

இதற்கு 'இன்டில்.செக்மென்டர்' இருக்கிறது. ஒரு சரத்தைக் கொடுத்தால், மெய்யையும் அதன்மேல் ஏறிய குறியையும் சேர்த்து ஒரே துண்டாகப் பிரித்துத் தருகிறது. குரோமில் 2020-லேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது என்பதால், அதுவரை நானே எழுதிய ஒரு தற்காலிக ஒட்டுப்போட்ட நிரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிரிப்பும் நம் பள்ளிக் கணக்கோடு முழுதும் ஒத்துப்போகாது. கடைப் பெயர்களில் நிறைய வரும் 'லக்ஷ்மி'யை அது ல, க், ஷ், மி என்று நான்காக உடைக்கிறது. கண்ணுக்கு ஒரே உருவாகத் தெரியும் க்ஷ அங்கே இரண்டாகிறது. கடைப் பெயரை வெட்டவே கூடாது, எழுத்தின் அளவைக் குறைத்தாவது முழுதாகப் போட வேண்டும் என்று விதி வைத்து அதைத் தாண்டினேன். கடைப் பெயர் பாதியில் நிற்பதை எந்த மண்டிக்காரரும் பொறுக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

அளப்பதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மெஷர்டெக்ஸ்ட் தரும் அகலம், அடுத்த எழுத்து எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கான கணக்கு. மை எதுவரை பரவுகிறது என்பதற்கான கணக்கு அல்ல. 'ரீ'யின் மேல்சுழி சில எழுத்துருக்களில் அந்த எல்லையைத் தாண்டிக்கொண்டு நிற்கும். மேலும் கீழும் அப்படியே. ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தை மனதில் வைத்து வரி இடைவெளி விட்டால், மேல்வரியின் 'கூ', 'ரு' ஆகியவற்றின் வால் கீழ்வரியின் புள்ளிகளைத் தொட்டுவிடும். மை உண்மையில் தொடும் நான்கு எல்லைகளையும் அதே கட்டளை தனித்தனியாகத் தருகிறது. வரியின் உயரத்தை அவற்றிலிருந்து கணக்கிட்ட பிறகே பலகை கண்ணுக்கு உறுத்தாமல் அமைந்தது.

கோப்பைப் பிரித்த கதையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 128. அவற்றில் நிரம்பியிருப்பவை 72. நம் 247 எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி எண்ணே கிடையாது. கு, சு, டு, மு, ரு என்று உகரம் ஏறும்போது ஒவ்வொரு மெய்யும் எடுக்கும் தனித்தனி உருவங்கள் எழுத்துருவுக்குள் எண் இல்லாமல் குடியிருக்கின்றன. 'க'வும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் இந்த உருவத்தை எடு என்னும் மாற்று விதிகள் வழியாகத்தான் அவற்றை அடைய முடியும். அந்த விதிகளைப் படித்து, 'கெ' என்று வந்தால் கொம்பை முன்னால் நகர்த்தி, 'கொ' என்று வந்தால் குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்கும் வேலையைக் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நூலகம். முதலில் நான் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு கருவியில் தமிழ் எல்லையை மட்டும் கொடுத்து எழுத்துருவைச் சுருக்கினேன். அது எண் இல்லாத உருவங்களை எல்லாம் தேவையற்றவை என்று தூக்கி எறிந்துவிட்டது. 'தோத்தாபுரி'யில் 'ப'வுக்குப் பக்கத்தில் உகரக் குறி தனியே ஒட்டாமல் நின்றது. பிறகு ஃபான்ட்டூல்ஸ் என்னும் எழுத்துருக் கருவித் தொகுப்பில் உள்ள சுருக்கும் நிரலைப் பயன்படுத்தினேன். அது மாற்று விதிகளைப் பின்தொடர்ந்து சென்று, அவற்றால் அடையக்கூடிய உருவங்களையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது.

எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவுப் படம் வேண்டும் என்று ஒருவர் கேட்டபோதும் இதே பாடம்தான். குறியை மெய்யிலிருந்து பிரித்துத் தனியாக வரையச் சொன்னால், ஏறி உட்கார ஆளில்லாத குறி ஒரு புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். அதைப் பார்த்த அவர், "இது என்ன, உளுந்து வடையா?" என்று கேட்டார்.

எங்கள் மாவட்டத்தில் பலகை ஒரே மொழியில் நிற்பதும் இல்லை. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத் தெலுங்கு வேண்டும், பெங்களூர் வியாபாரிகளுக்குக் கன்னடம். எழுத்துருப் பெயர்களை வரிசையாகக் கொடுத்தால் உலாவி ஒவ்வோர் எழுத்துக்கும் அந்த வரிசையில் தேடிக்கொண்டு போகும். முதலாவதில் இல்லாதது இரண்டாவதில், அதிலும் இல்லையென்றால் கைபேசியின் கிடங்கில். எங்கும் கிடைக்காதபோது வருவதுதான் வெற்றுப் பெட்டிகள். 'நோட்டோ' என்னும் எழுத்துருக் குடும்பத்தின் பெயரே அந்தப் பெட்டிகள் இனி வேண்டாம் என்பதிலிருந்து பிறந்தது. மூன்று மொழி உரையையும் சேர்த்தே 'லோட்'டுக்குக் கொடுத்துவிடுவதால், இங்கு எனக்குத் தனி வேலை இருக்கவில்லை.

தருமபுரியில் அச்சுத் தொழில் செய்யும் நண்பர், தன் கணினியில் இருக்கும் எழுத்துருக்களை எல்லாம் பட்டியலிட்டுப் பக்கத்திலேயே தேர்ந்தெடுக்கும்படி செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும், ஓரளவுக்கு. 'லோக்கல் ஃபான்ட் ஆக்சஸ்' என்னும் ஏபிஐ குரோமில் 2022-இல் வந்தது. பயனரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பட்டியலைத் தரும். ஆனால் கணினிக் குரோமுக்குத்தான், கைபேசிக்கு இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் அதை ஏற்கவில்லை. ஒருவரின் கணினியில் எந்தெந்த எழுத்துருக்கள் இருக்கின்றன என்னும் பட்டியலே அவரை அடையாளம் காட்டிவிடக்கூடும் என்பதால் தயக்கம் இருக்கத்தான் செய்யும். தமிழில் இந்த அச்சம் கூடுதலாகவே பொருந்தும் என்பது என் எண்ணம்: பழைய டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) எழுத்துருக்கள் நாற்பது வைத்திருக்கும் கணினி எப்படிப்பட்ட கடையில் இருக்கும் என்று ஊகிக்க அதிக அறிவு தேவையில்லை. நண்பருக்கு மட்டும் செய்துகொடுத்தேன், பொதுப்பக்கத்தில் சேர்க்கவில்லை.

மண்டிப் பக்கம் இப்போது எழுத்துருவுக்காக மூன்று நொடி வரை காத்திருக்கிறது. அதற்குள் வராவிட்டால் கைபேசியின் எழுத்துருவிலேயே வரைந்துவிடும். அதிகாலை ஐந்து மணிக்கு விலை போய்ச் சேர்வது எழுத்தின் அழகைவிட முக்கியம். அப்படி வரைந்த படம் எது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, அதன் வலது கீழ் மூலையில் மட்டும் ஒரு சிறு சாம்பல் புள்ளி விழும்படி வைத்திருக்கிறேன். சென்ற வாரம் மண்டிக்காரர் அழைத்து, அந்தப் புள்ளி வந்த அன்று மட்டும் சிக்னல் மோசமாக இருக்கிறதே, அது எப்படி என்று கேட்டார்.